கண் சிமிட்டாத பல்பு

"கரண்ட் இன்னும் போகவே இல்லயே. அதுக்குள்ள என்னத்துக்கு மெயினை இறக்குறீங்க?" என்று கேட்டாள் மனைவி ஹஃபீலா.

கதிரையில் ஏறி நின்ற ஜவாஹிர் மெயின் சுவிட்சைப் படக்கென்று இறக்கினார். "போற வரைக்கும் பாத்துட்டு நிக்க ஏலுமா? பொழுதுபட மஃரிபோட கரண்ட் வெட்டுறண்டு பேப்பர்ல போட்டிருக்கு. மாப்பிள்ள ஊட்டு ஆக்கள் வந்து குந்தியிருக்கக்குள்ள பல்பு ஒருக்கா கண்ணச் சிமிட்டினாலும் போச்சு."

ஹஃபீலா கதிரையைப் பிடித்துக்கொண்டாள். போன சம்பந்தம் எப்படிப் போனதென்று அவளுக்கும் தெரியும். மகள் றுமானா ஃபலூடாத் தட்டோடு அறைக்குள் வந்தாள், கரண்ட் போனது, மாப்பிள்ளையின் உம்மாவுடைய பட்டுச்சேலை மடியில் ஆறு கிளாஸ் ஃபலூடாவும் இறங்கின. அந்த அம்மாள் ஐஸ் கட்டியைத் தட்டிவிட்டபடி எழுந்து போனவர்தான். றுமானா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் ஜவாஹிருக்குப் பெரிய நோவாக இருந்தது. இந்தச் சம்பந்தமும் இருட்டில் போய்விட்டால் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அதனால்தான் கற்பிட்டி மெக்கானிக் நௌஃபரிடம் பழைய டைனமோ ஒன்றை வாங்கி, தன் இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டர் டிராக்டரோடு பெல்ட் போட்டுப் பூட்டியிருந்தார். "முதல்ல மெயினை இறக்கிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும் நானா. இல்லாட்டி ரெண்டு கரண்டும் சந்திச்சு ஊடே பத்திடும்" என்று நௌஃபர் சொல்லியிருந்தான். அவன் சொன்ன பதினைந்து விஷயங்களில் ஜவாஹிர் மனதில் நின்றது இது ஒன்றுதான். போதாததற்கு, "எங்கட எத்தாளை ஊரிலேயே கரண்ட் போகாத ஊடு எங்கடதுதான்" என்று தரகரிடம் வாயை வேறு விட்டிருந்தார்.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க வரிசையில் நின்று வாங்கிய டீசலை ஊற்றி, கைப்பிடியைச் சுழற்றினார். லேண்ட்மாஸ்டர் இருமியது, துப்பியது, பிறகு ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பல்பு எரிந்தது. கூடவே கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கோப்பைகளெல்லாம் ஆடத் தொடங்கின.

"இஞ்சாருங்க! நீங்க செல்லுறது எனக்கே கேக்கல்ல. வாறவங்க என்னண்டு கதைக்கிற?" என்று கத்தினாள் ஹஃபீலா.

நியாயமான கேள்வி. ஜவாஹிர் வயரை நீட்டி, டிராக்டரைக் கொல்லை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனார். வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு யூஜீனியாவின் தலை எழும்பியது.

"ஜவாஹிர் நானா, என்ன இந்த நேரத்துல என்ட காதுக்குள்ள உழுறீங்க?"

"கோவிக்காதீங்க தங்கச்சி! றுமானாவப் பாக்க ஆக்கள் வாறாங்க. இந்தா, உங்களுக்கும் ஒரு வயர் தாறன். ஒரு பல்பு போடுங்க. ஒண்டே ஒண்டு!"

யூஜீனியா வயரை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு ஜவாஹிரும் பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார்.

வீட்டுக்குள் வந்து பார்த்தால், பல்பு மஞ்சளாய் அழுதுகொண்டிருந்தது. திரும்பிக் கொல்லைக்கு ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம் யூஜீனியாவின் வீடு கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பல்புக்குக் குடுத்தா ஊடு முழுக்க இழுக்குறாளே!"

சம்பந்தம் பேச வரும் நேரத்தில் வேலிச்சண்டை கூடாது. ஆகவே ஜவாஹிர் டிராக்டரின் வேகத்தைக் கூட்டினார். பல்பு வெளுத்தது. ஆனால் ஹாலில் இருந்த மின்விசிறிக்கு வெறி பிடித்துவிட்டது. மேசை விரிப்பு ஒரு மூலையிலும் பிஸ்கட் தட்டின் காகிதப்பூ இன்னொரு மூலையிலும் போய் விழுந்தன. ஹஃபீலா ஓடிப்போய் விசிறியை நிறுத்தினாள். சத்தம் இரண்டு மடங்கானது.

சத்தத்தை அடக்க அறையிலிருந்த பஞ்சு மெத்தைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் டிராக்டரைச் சுற்றி நிறுத்தி, மேலே தார்ப்பாயையும் இழுத்துப் போட்டார். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வெளியே போக வழியில்லாத புகை குசினி ஜன்னலைக் கண்டுபிடித்தது. விருந்துக்குச் செய்த வட்டிலப்ப இனிப்புக்கு டீசல் மணம் ஏறுவதைக் கண்ட ஹஃபீலா, வீட்டின் எல்லா ஜன்னல்களையும் அடித்துச் சாத்தினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மதுரங்குளியிலிருந்து வந்த வேன் வாசலில் நின்றது.

மாப்பிள்ளை ஸுஹைப் கத்தாரில். வந்தவர்கள் அவனுடைய வாப்பா பதுர்தீனும் உம்மா கமீலாவும். கமீலாவை ஹஃபீலா உள்ளறைக்கு அழைத்துப் போனாள். பதுர்தீன் ஹாலில் குந்தினார். அடுத்த நிமிடமே அவர் தொப்பிக்குள்ளிருந்து வியர்வை வழியத் தொடங்கியது.

"நல்ல ஊடு!" என்று கத்தினார் பதுர்தீன்.

"ஓம், ஓம்! நீங்க நல்லா இரிக்கீங்களா?" என்று கத்தினார் ஜவாஹிர்.

பதுர்தீன் வாசல் பக்கம் கையைக் காட்டினார். பிறகு மேலே எரியும் பல்பைக் காட்டினார். மறுபடியும் வாசலைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மெச்சுகிறார் என்று ஜவாஹிருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வீட்டில் இது அபூர்வமான குளிர்ச்சி.

"எல்லாம் அல்லாஹ்ட கிருபை!" என்று பதில் கத்தினார்.

பதுர்தீன் விடவில்லை. எழுந்து வந்து காதோரம் வாயை வைத்தார். "டைனமோ எத்தன கிலோவாட்? பெல்ட் வழுக்குறல்லயா?"

"வழுக்குற பேச்சே இல்ல!"

உள்ளேயிருந்து கமீலாவின் குரல் கேட்டது. "புள்ள என்ன படிச்சிரிக்கி?" அதற்கு ஹஃபீலா கத்திய பதில் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். றுமானாவின் படிப்பு, சமையல், சின்ன வயதில் வந்த அம்மை எல்லாவற்றையும் அன்றைக்கு எத்தாளை முழுக்கக் கேட்டது.

தன் பங்குக்கு ஜவாஹிரும் நரம்பு புடைக்கக் கத்தினார். "எங்கட புள்ள சத்தமா ஒரு வார்த்த பேசாது! அமைதியான குடும்பம்!"

திரை விலகியது. றுமானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபலூடாத் தட்டோடு வந்தாள். ஜவாஹிரின் நெஞ்சு டிராக்டரை விட வேகமாக அடித்தது. யா அல்லாஹ், இன்னும் ஐந்து அடி. நாலு. பல்பு இன்னும் எரிகிற பெருமிதத்தில் வாய் தானாகத் திறந்தது.

"பாத்தீங்களா, எங்கட ஊட்டில—"

கொல்லையில் ஒரு மெத்தை சரிந்து பெல்ட்டின் மேல் விழுந்தது. பெல்ட் கழன்றது, எஞ்சின் இரண்டு தரம் விக்கி அடங்கியது, வீடு கும்மிருட்டானது. திடீரென்று வந்த அந்த அமைதிக்குள் ஜவாஹிரின் குரல் மட்டும் நிற்கத் தெரியாமல் ஓடியது.

"—கரண்ட் பிரச்சினையே இல்ல!"

ஜவாஹிர் கண்ணை மூடிக்கொண்டு, கிளாஸ்கள் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். விழவில்லை. தட்டு மேசையில் மெதுவாக அமர்ந்த சத்தம்தான் கேட்டது. பிறகு கொல்லைப்பக்கம் செருப்புச் சத்தம், புகையத் தொடங்கிய மெத்தையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்த சத்தம், திரும்பி வந்த செருப்புச் சத்தம், கதிரை இழுபடும் சத்தம், டக்கென்று ஒரு சத்தம்.

பல்பு எரிந்தது. வெள்ளை வெளேரென்று, ஆடாமல் எரிந்தது. மெயின் சுவிட்சுக்குக் கீழே கதிரையில் றுமானா நின்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! சரியான நேரத்துக்குக் கரண்ட் வந்துட்டுது!" என்றார் ஜவாஹிர். கமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். புகை நெடி தாங்கவில்லை போலும் என்று ஜவாஹிர் குறுகிப்போனார்.

ஃபலூடாவைக் குடித்து, "செல்லி அனுப்புறோம்" என்று விடைபெற்றார்கள். செல்லி அனுப்புறோம் என்றால் என்னவென்று ஜவாஹிருக்குத் தெரியாதா? வாசலில் நின்றபடி அவர் மனதுக்குள் தன்னைத் தானே நாலு அறை அறைந்தார். வெங்காயத்துக்கு வைத்திருந்த டீசலும் போனது, மெத்தையும் போனது, மகளின் வாழ்க்கையும் போனது. மூன்றையும் ஒரே பெல்ட்டில் பூட்டி ஓட்டிய கெட்டிக்காரன் வேறு யாரும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"மன்னிச்சுக்கோ மகள்" என்றார் மெதுவாக.

"என்னத்துக்கு வாப்பா? கை கழுவிட்டு வாங்க, சாப்பிடுவோம்" என்றாள் றுமானா.

வேனில் ஏறப்போன கமீலா அதைக் கேட்டாள். திரும்பி வந்து றுமானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேனில் இருந்த பதுர்தீனைக் கண்ணால் காட்டி ஹஃபீலாவிடம் சொன்னாள்:

"செல்லி அனுப்ப என்ன இரிக்கி, இப்பவே செல்லுறன்: ஊர் முழுக்க லைட் எரியக்குள்ள மெயினை இறக்கிட்டு டிராக்டர் ஓட்டுற ஒரு மனிசன் எங்கட ஊட்டிலயும் இரிக்கார், அவரோட சிரிச்ச முகமா குடும்பம் நடத்தப் பழகின புள்ளயத்தான் இவ்வளவு நாளும் தேடிட்டு இருந்தோம்!"