பெய்யாத மழைக்கு ஒரு பதிவு

தினமும் எழுதினால் எழுத்து கைவரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் பொய் கைவந்துவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். ஒரு நாள் விடாமல் எழுதுவேன் என்று சபதம் போட்டு ஒரு பிளாக் ஆரம்பித்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்ட சபதம்.) பஸ், டீக்கடை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று கொஞ்ச காலம் ஓடியது. பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் தினமும் தவறாமல் நடப்பது வெயில் ஒன்றுதான். அதை எத்தனை நாள் எழுதுவது?

எனக்கு வாய்த்த உண்மையான வாசகர் என் மச்சான். அக்கா வீட்டுக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார். நான் தனிமையைப் பற்றி உருகி உருகி எழுதினாலும் சரி, காதலைப் பற்றி எழுதினாலும் சரி, அடியில் அவருடைய கருத்து ஒன்றேதான்: “கம்மாய்ல தண்ணி கெடக்கா?”

இலக்கியத்தைப் படித்துவிட்டு ஊர் ஏரியை விசாரிக்கிறாரே, ரசனை கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு ஊரில் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. வானம் பார்த்த பூமி. மழை விழுந்த ஈரம் காய்வதற்குள் வந்து கொத்தமல்லி விதைத்தால் உண்டு. தவறினால் அந்த வருடம் தரிசுதான். இது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் என் இலக்கியத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

புரட்டாசிக் கடைசியில் நண்பர்களோடு கொடைக்கானல் போக வேண்டி வந்தது. சபதம் முறியலாமா? நான்கைந்து பதிவுகளை முன்கூட்டியே எழுதி, நாளுக்கு ஒன்றாகத் தானே வெளியாகும்படி செய்துவைத்தேன். அதில் ஒன்று மழை. ‘நேற்றிரவு எங்கள் ஊரில் நல்ல மழை. மண்வாசனை மூக்கைத் துளைக்கிறது. கரிசல் குழைந்து செருப்பைப் பிடுங்குகிறது.’ இந்த நேரத்தில் எப்படியும் ஒரு மழை பெய்யும், கணக்கு சரியாகிவிடும் என்பது என் துணிச்சல்.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டோரக் காட்டில் ஒரு டிராக்டர் நிற்கிறது. வரப்பில் விதை மூட்டை. மூட்டை மேல் மச்சான். சுற்றிலும் புழுதி பறக்கிறது.

“ஏலே மாப்ள, வா வா. நனஞ்சுறாம ஓரமா வா” என்றார்.

“எப்ப வந்தீக மச்சான்?”

“காலைலயே வந்துட்டேன். மண்வாசனை அடிக்குதுன்னியே, அப்ப இருந்து மோந்து பாக்கேன். டீசல் வாசந்தான் வருது.”

அருப்புக்கோட்டையிலிருந்து வாடகைக்கு வந்த டிராக்டர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

“அது... கற்பனை மச்சான்.”

“கற்பனையா? அப்ப வெதையையும் கற்பனையிலயே தூவிட்டுப் போயிருவமா?”

அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று முனகினேன். மச்சான் என்னை ஒருமாதிரி பார்த்தார். “படிச்ச புள்ள நீயே எழுதியிருக்க. அதுக்கு மேல யார்ட்ட கேக்கணும்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தீபாவளி ஆர்டர் நேரம். சூப்பர்வைசரிடம் மன்றாடி வாங்கிய லீவு. இனி உண்மையிலேயே மழை பெய்தாலும் அவர் வர முடியாது. அன்றைக்கே மூட்டையை எங்கள் வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

திருப்பூரிலிருந்து அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். “அவுக எம்புட்டுக் கெஞ்சி லீவு வாங்குனாக தெரியுமாடா? இனி மழை பேஞ்சா யாரு வெதைப்பா?”

“நான் வெதைக்கேன்க்கா.”

“ஒனக்கு வெதைக்கத் தெரியுமா?” என்றாள். தெரியாது. விவசாயி வீட்டில் பிறந்து விசைப்பலகையில் வளர்ந்தவன் நான்.

சோதனையாக அடுத்த சில நாளிலேயே மழை கொட்டியது. அப்பாவுக்கு எங்கள் காட்டு வேலையே தலைக்கு மேல். கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு விதைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே இறங்கினேன். உண்மையிலேயே கரிசல் செருப்பைப் பிடுங்கியது. அள்ளி விசிறினால் பாதி விதை என் காலடியிலேயே விழுந்தது. டிராக்டர்காரர் பின்னாலேயே உழுது மூடிக்கொண்டு வந்ததால் என் திருவிளையாடல் அப்போதைக்கு மறைந்தது. இருட்டியபோது கை தூக்க முடியவில்லை. அன்றைக்குப் பதிவு எழுதவில்லை. சபதம் முறிந்தது. உருப்படியாக ஏதாவது நடக்கிற நாளில் எழுத நேரமிருக்காது என்பது அன்று கற்ற பாடம்.

பொங்கலுக்கு வந்த மச்சான் காட்டைப் பார்க்கப் போனார். பின்னாலேயே நானும் போனேன். ஓரிடத்தில் மல்லி புதராக மண்டிக் கிடந்தது. பக்கத்தில் வழுக்கை. அப்புறம் ஒரு கொத்து. மறுபடி வழுக்கை.

ரொம்ப நேரம் பார்த்தார். “காடு மாதிரியா இருக்கு? ஒன் பிளாக்கு மாதிரியில்ல இருக்கு!” என்றார். பிறகு குனிந்து ஒரு செடியைத் தடவிவிட்டு, “ஆனா மொளைச்சிருச்சுல்ல மாப்ள” என்றார். எனக்கு அது போதும்.

பிளாக்கை எப்போதோ விட்டுவிட்டேன். காட்டுக்கு மட்டும் ‘பிளாக்குக் காடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. களையெடுக்க வரும் பெண்கள் அது ஏதோ பிளாக் ஆபீஸ் சம்பந்தப்பட்ட அரசாங்க நிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்பார்கள். பொங்கலுக்கு வந்திருக்கும் அக்கா உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள். அவள் சொல்லச் சொல்ல, நான் எழுதிய மழை வருடா வருடம் வலுத்துக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்குக் கம்மாயே உடைந்துவிட்டது.