பாம் ஷெல்டருக்குள் ஒரு வைஃபை

மூன்று ரிமோட்டுகளின் வேலையை ஒன்றுக்குள் அடக்கியவர். அம்மாவின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, அவர் கண் டாக்டரை ஒரு வருடம் மறக்கும்படி செய்தவர். காகிதம் தின்கிற பிரிண்டர் என்று மாமியார் வீடே கைவிட்ட ஒன்றைத் தட்டித் தட்டியே எழுப்பியவர். இத்தனையும் கையேட்டை ஒருநாளும் திறக்காமல் சாதித்தவர். இந்த இனத்துக்கு வீட்டு இணைய நிபுணர் என்று பெயர். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் என் தம்பி ஜுனைடி. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

புது ரூட்டர் வந்தால் நிறுவனத்து ஆள் வரும்வரை நிபுணர் பொறுக்கமாட்டார். விளக்கு பச்சையாக எரிந்தால் அது அவர் திறமை. சிவப்பாக எரிந்தால்? மேல்வீட்டு மிஸ்டர் கோவின் மைக்ரோவேவ்.

பெருநாள் விருந்தாளிகள் கண்ணில் வயர் படக்கூடாது என்று, தம்பி எங்கள் புது ரூட்டரை பாம் ஷெல்டருக்குள் வைத்தான். போர் வந்தால் நாங்கள் ஒளிய, வீட்டுக்கு வீடு அரசாங்கமே கட்டிக்கொடுத்த அறை அது. போர் வராததால் அரிசி மூட்டையும் பலகார டின்களும் ஒளிந்திருக்கின்றன. நான்கு பக்கமும் தடித்த கான்கிரீட். கதவு இரும்பு. குண்டு நுழைய முடியாத அறையிலிருந்து இணையம் மட்டும் வெளியே வந்துவிடும் என்று நம்ப எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! அவனுக்கு இருந்தது. கதவைச் சாத்தினான்.

அது வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி. மூன்று மணிக்கு என் மகள் சுஹைலாவுக்கு மருத்துவமனை உதவியாளர் வேலைக்கு வீடியோ நேர்காணல். எட்டு மாதம் தேடியதில் முதன்முதலாகக் கூப்பிட்ட இடம். வீட்டில் எல்லார் கைபேசி டேட்டாவும் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது.

"மாமா, சுத்திக்கிட்டே இருக்கு. உள்ள போகமாட்டேங்குது."

"உன் லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"நாலு தடவ பண்ணிட்டேன்."

"அஞ்சாவது தடவதான் கேக்கும்."

கேட்கவில்லை. வைஃபையின் பெயரை மாற்றினான். கடவுச்சொல்லை மாற்றினான். வைஃபை அலைவரிசைச் சேனலை மாற்றினான். ஜன்னல் வழியே, கடலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த அண்டை நாட்டுக் கட்டடங்களை முறைத்துப் பார்த்தான்.

"உட்லண்ட்ஸ்ல இருந்தா இதான் தொல்லை அக்கா. ஜொகூர் சிக்னல் வந்து நம்மளத இழுக்குது."

"பழைய ரூட்டர் இருந்தப்ப இழுக்கலியே?"

"அப்ப அங்க இவ்ளோ கட்டடம் இல்ல."

கடைசியில் நிறுவனத்துக்கே போன் போட்டான். உதவி கேட்க அல்ல, அவர்கள் தப்பை எடுத்துச் சொல்ல. பேசிய பெண் பாவம், சரியான கேள்வியைத்தான் கேட்டாள்.

"ரூட்டர் எங்க வச்சிருக்கீங்க சார்?"

"ரொம்பப் பத்திரமான எடத்துல. வேற ஏதாச்சும் உருப்படியா கேளும்மா."

இரண்டே முக்காலுக்கு, நோன்புக் கஞ்சிக்கு அரிசி எடுக்க ஷெல்டர் கதவைத் திறந்தேன். "வந்துருச்சு!" என்று சுஹைலா கத்தினாள். அரிசியோடு வெளியே வந்து சாத்தினேன். "போயிருச்சு!" திறந்தேன். வந்தது.

"டேய், கதவுதாண்டா."

"அக்கா, நான் மாத்துன சேனல் இப்பதான் செட் ஆவுது. நீ கதவ ஆட்டி அதக் கொழப்பாத."

"அப்ப சாத்திரவா?"

நிபுணர் சற்று நேரம் ஆராய்ந்தார். "இப்போதைக்கு வேணாம்."

விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு அது. நேர்காணல் நடந்த நாற்பது நிமிடமும் தம்பி அதற்கு முதுகு கொடுத்து நின்றான். நோன்பு வயிறு, வழியும் வியர்வை. நகர்ந்தால் சிக்னல் ஆடிவிடும் என்று மூக்கைக்கூடச் சொறியவில்லை.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க!" என்று ஓடிவந்த சுஹைலா யாரைக் கட்டிக்கொண்டாள்? அரிசி எடுத்தவளையா? மாமாவைத்தான். அவன் தலையை ஆட்டி, "சேனல் மாத்துனா சரியாயிடும்னு அப்பவே சொன்னேன்ல," என்றான்.

அன்று மாலையே இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: "கதவைச் சாத்தக் கூடாது. தொழில்நுட்பக் காரணம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ரூட்டர் எங்கே இருக்கிறது? அலமாரிக்குள்ளா, மீன்தொட்டிக்குப் பின்னாலா? "அது வேற விஷயம், எங்க வீட்டுச் சுவர் அப்படி" என்று இப்போது உங்கள் வாய் முணுமுணுத்ததா? அப்படியானால் நீங்களும் ஒரு தாளும் பேனாவும் தேடுங்கள். கீழே கையெழுத்து எப்படிப் போட வேண்டும் என்பதற்கு எங்கள் கதவில் மாதிரி இருக்கிறது: ஜுனைடி பின் மஸ்லான், இணைய நிபுணர், 4 ஏப்ரல் 2024.