வாஷர் அண்ணாச்சியும் புல் வெட்டும் டிராக்டரும்

பழுதாகிப் போன பொருள் என்று இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது, நடுவில் ஒரு வாஷர் குறைந்த பொருள்தான் உண்டு என்று மனதார நம்புகிற ஒரே மனிதர் எங்கள் காலனியில்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை போட்டவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் தபால்காரர் முதல் அசோசியேஷன் பிரசிடெண்ட் வரை எல்லோருக்கும் அவர் வாஷர் அண்ணாச்சிதான்.

நான் அந்த அசோசியேஷனின் செக்ரட்டரி. அதாவது குப்பை எடுக்க ஆள் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் திட்டு வாங்குகிற பதவி. அண்ணாச்சி சம்பந்தமான புகார்களுக்கு மட்டும் தனியாக ஒரு செக்ரட்டரி வைத்திருக்கலாம்.

கடையிலிருந்து அவரை விலக்கி வைத்தது சொந்த மகன்தான். பாவம், அவனையும் குறை சொல்ல முடியாது. புதுக் குழாய் வாங்க வருகிறவரை அண்ணாச்சி முதலில் விசாரிப்பார். ஒழுகுகிறதா, சொட்டுகிறதா, கசிகிறதா? பதில் எதுவாக இருந்தாலும் முடிவில் கையில் ஒரு வாஷரைத் திணித்து, புதுக் குழாய் எதற்கு, பழையதே உன் பேரன் காலம் வரை ஓடும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வியாபாரம் எப்படி நடக்கும்? ஒரு நாள் மகன் கையெடுத்துக் கும்பிட்டு, அப்பா இனிமேல் வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் காலனிக்கு ஓய்வு போயிற்று.

அவர் எதைத் தொட்டாலும் முதலில் முழுசாகக் கழற்றிவிடுவார். கழற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மாட்டுவதில்தான் சின்னச் சின்ன வித்தியாசங்கள் வரும். என் மிக்ஸியைச் சரிபண்ணித் தந்தார், நன்றாகவே அரைத்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தால்தான் சட்னி கிடைக்கும். பிரசிடெண்ட் சார் வீட்டு கேட்டுக்கு ஒரு வாஷர் போட்டார், அதன் பிறகு அது வெளியிலிருந்து மட்டுமே திறந்தது. எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் ஒரு வாரம் பேசாமல் இருந்தபோதுகூட அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம்மா, பெரிசா ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் கேப் விழுந்திருக்கு, கேட்டியா" என்றார். நல்லவேளை, அங்கே ஸ்பானரோடு போகவில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் காலனியின் தலையெழுத்தே போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரு பொது மைதானம் உண்டு. திருவனந்தபுரத்தில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து தங்கிவிட்டுப் போகும், புல்லுக்குக் கேட்கவா வேண்டும். அதை வெட்டுவதற்கு ஒரு குட்டி டிராக்டர் இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு மெம்பர் கூடவே கொண்டுவந்து, வீட்டை விற்றுப் போகும்போது காலனிக்கு விட்டுப் போனது. உட்கார சீட், பிடிக்க ஸ்டியரிங், எல்லாம் உண்டு. அதன் வயிற்றுக்குக் கீழே பாயசம் கிண்டுகிற உருளியைக் கவிழ்த்தது போல ஒரு இரும்புக் கூடு தொங்கும். அதற்குள்தான் இரண்டு பிளேடுகள் சுழன்று புல்லை வெட்டும். அதற்கு டெக் என்று பெயர். அண்ணாச்சி கடைசிவரை அதை உருளி என்றுதான் சொன்னார்.

ஈரப் புல்லாக வெட்டி வெட்டி, அந்த டெக் உள்பக்கமாகவே துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து பறந்துபோய் பிரசிடெண்ட் சாரின் கார் கதவில் பள்ளம் போட்டது. அத்தோடு டிராக்டர் ஷெட்டுக்குள் போயிற்று. புல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. பாம்பு வரும் என்று பேச்சு கிளம்பியது. மைதானம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்று பிரசிடெண்ட் சார் யோசனை சொன்னார். விஜயதசமி அன்று சாயங்காலம் பொதுக்குழு, அதில் தீர்மானம்.

இதில் யாருக்கு நஷ்டம் என்றால் மதினிக்குத்தான். அண்ணாச்சியின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். கெட்டியான தரையில் அதிகம் நடக்க வேண்டாம், புல்லில் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த மனுஷி, புல் வளர்ந்ததிலிருந்து வீட்டு ஹாலுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல் பதித்துவிட்டால் அந்த ஹால்தான் கதி.

அண்ணாச்சி ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரே ஷெட்டுக்குப் போய் டெக்கைக் கழற்றி, தன் வீட்டுக் கார் ஷெட்டில் மல்லாக்கப் போட்டார். "மெஷின் நல்ல மெஷினாக்கும். உருளிதான் போச்சு" என்றார்.

அடுத்து நடந்ததை எங்கள் தெரு இன்றும் மறக்கவில்லை. உள்ளே புல் இறுகி, அடிப்பிடித்த பாயசம் மாதிரி கல்லாகிக் கிடந்தது. அதைச் சுரண்டுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இடம் மாறிப் படுத்தது. பிறகு சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். டங் என்றால் இரும்பு உயிரோடு இருக்கிறது, டொக் என்றால் இல்லை. டொக் என்ற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு பார்த்தால், மிச்சம் இருந்தது டெக்கா ஓட்டைக் கரண்டியா என்று சொல்ல முடியவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததில் பறந்த துருத்தூள் படிந்து, தெருவில் காயப்போட்ட வேட்டிகள் எல்லாம் காவியாயின. வெல்டிங் ஆரம்பித்தால் எல்லா வீட்டிலும் லைட் மங்கும், அதுவும் சரியாக சீரியல் நேரத்தில். ஒட்டுப் போடத் தடித்த தகடு வேண்டியிருந்தது. கடையில் முன்பு ஆணி நிறுத்த தராசின் இரும்புத் தட்டு இரண்டையும் மகனுக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிளேடு சுற்றுகிற தண்டின் பேரிங்குகளும் தேய்ந்து போயிருந்தன. ஆட்டோ ரிக்ஷா சக்கரத்து பேரிங் வாங்கிவந்து, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று காட்டினார். கச்சிதம் என்றால் அவர் அகராதியில் இடையே மூன்று வாஷர்.

கடைசியாகப் பிளேடு. சாணை பிடித்தால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுற்றும்போது ஆடி, புதிதாகப் போட்ட ஒட்டையெல்லாம் உடைத்துவிடும். பிளேடின் நடு ஓட்டையை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் அரம் போடுவார். அதற்கு வாகான ஆணி வீட்டிலேயே ஒன்றுதான் இருந்தது, ஹாலில் தினசரி காலண்டர் தொங்குகிற ஆணி. காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்கு மேலே போட்டார்.

காலண்டர் இல்லாத வீட்டில் கிழமையும் தெரியாது, திதியும் தெரியாது. நவராத்திரி நடந்துகொண்டிருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் பெயின்ட் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிவந்து பார்த்தால், ஸ்பானர், சுத்தியல், அரம், வெல்டிங் ஹோல்டர், இரண்டு பிளேடு எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணியில் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்றைக்கு துர்காஷ்டமி, பூஜைவைப்பு. எங்கள் ஊரில் அன்று சாயங்காலம் புத்தகத்தையும் கருவிகளையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் இதைவிட நல்ல நாட்கள் கிடையாது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போகும்போது வழக்கு உச்சத்தில் இருந்தது.

"ஏளா, பிளேடு ஆயுதமில்ல. அது பார்ட்ஸு. மத்தது இருக்கட்டும், அத மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"கூர்மை இருக்குல்லா? அப்ப ஆயுதந்தான்" என்றார் மதினி.

நான் என் பங்குக்கு, இதெல்லாம் உங்கள் கால் நடக்கத்தானே மதினி, ரெண்டு நாள் போனால் பொதுக்குழு வந்துவிடுமே என்று எடுத்துச் சொன்னேன். மதினி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, "எனக்காகன்னு சாமிக்குத் தெரியாதா? தெரிஞ்சா நடத்தித் தரட்டும்" என்றார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த இடைவெளி நாட்களில் அண்ணாச்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. பூஜை அறை வாசலில் வந்து நிற்பார், பிளேடைப் பார்ப்பார், போய்விடுவார். கை சும்மா இருக்க முடியாமல் டெக்குக்கு மூன்று தடவை பச்சைப் பெயின்ட் அடித்தார். பிரஷ் எப்படியோ பூஜைக்குத் தப்பியிருந்தது.

விஜயதசமி விடிந்தது. காலனிப் பிள்ளைகள் அரிசியில் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பிளேடை வாங்கிக்கொண்டு ஓடினார். சந்தனத்தைத் துடைக்கக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். மாட்டுமுன் கடைசியாக ஒரு தடவை ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தார், ஒரு பக்கம் சாய்ந்தது. மதினி பொட்டு வைத்த பக்கம்.

"பேலன்ஸ் போச்சே. ஏளா, இந்தத் தலையிலயும் ஒரு பொட்டு வையி" என்றார். மதினி வைத்தார். நேராக நின்றது.

டெக்கை டிராக்டருக்கு அடியில் தொங்கவிட்டு, மட்டம் பார்க்க நேரமில்லாமல், மூன்றரை மணிக்கு ஸ்டார்ட் செய்தார். இருமியது, புகைந்தது, பிறகு கிளம்பிவிட்டது. பச்சை டெக்கின் கீழேயிருந்து புல் விசிறியடித்தது. ஒட்டுப் போட்ட ஒரு இடமும் விட்டுப்போகவில்லை. இடது பக்கம் மட்டும் தாழ்ந்திருந்ததால் ஒரு ஓரம் மொட்டையாகவும் மறு ஓரம் பரட்டையாகவும் வந்தது. ஆனால் வெட்டியது. அவர் சரிபண்ணிய ஒரு பொருள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாலு மணிக்கு மைதான ஓரத்தில் நாற்காலி போட்டுப் பொதுக்குழு ஆரம்பமானது. கான்ட்ராக்டர் மாதிரிக் கற்களோடு எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். அண்ணாச்சி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கான்ட்ராக்டரின் வாய் அசைந்தது, சத்தம் டிராக்டருடையதாக இருந்தது. பிரசிடெண்ட் சார் கையை ஆட்டி, "அண்ணாச்சீ, ஒந்நு நிர்த்தூ" என்று, கொஞ்சம் நிறுத்தச் சொல்லி மலையாளத்தில் கத்தினார். அண்ணாச்சி ராஜா மாதிரிப் பதிலுக்குக் கையசைத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

அப்போதுதான் மதினி வந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, டிராக்டர் மறுகோடிக்குப் போகும்வரை காத்திருந்து, மொட்டையாக வெட்டுப்பட்ட ஓரத்தில் கால் வைத்தார். ஒரு அடி, நின்றார். இன்னொரு அடி. பிறகு எதையும் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்தார். கான்ட்ராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பிரசிடெண்ட் சார் தீர்மானத்தை வாசித்தார் போலிருக்கிறது. ஒரு கையும் தூக்கப்படவில்லை. காது கேட்காமலா, மனசு வராமலா என்று நான் யாரையும் கேட்கவில்லை. தீர்மானத்துக்கு ஆதரவு இல்லை என்று எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அவரும் மதினியைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார்.

இப்போது அண்ணாச்சியும் மதினியும் காலனியை விட்டுப் போய், மகன் வாங்கிய பிளாட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். டெக்கின் மட்டமெல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை விடிந்தால் மதினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மைதானத்தை வெட்டி முடித்த பிறகு, டெக்கை நன்றாகத் தாழ்த்தி ஓரமாக ஒரே ஒரு சுற்று வருவார். அது மதினி நடக்கிற பாதை.

அந்தச் சத்தத்தில் என் சனிக்கிழமைத் தூக்கம் போய் வெகு நாளாயிற்று. போன மாதம் எனக்கும் முழங்கால் வலி வந்தது. வயசு யாரை விட்டது. யாரிடமும் சொல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு மதினிக்குப் பின்னாலேயே மெல்ல நடந்தேன். அண்ணாச்சி டிராக்டரில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஓரத்தில் இரண்டு சுற்று வந்தார். பாதை இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு ஆகியிருந்தது.