சைனா மேஸ்திரியும் அஞ்சு மணி வெல்லமும்

விருத்தாசலத்தில் ஏன் இப்படி வெயில் கொளுத்துகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், சைனா மேஸ்திரி இந்த ஊரில் குடியிருப்பதுதான் காரணம் என்று சொல்வேன். சூளை கூட அணைத்த மூன்றாம் நாள் ஆறிவிடும். மேஸ்திரி ஆறி யாரும் பார்த்ததில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் தேய்ப்பார். திட்ட ஆள் கிடைக்காத அன்றைக்குப் பற்பசையைத் திட்டுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பதிவேட்டைப் பதினோரு வருடம் எழுதியவன் நான். அந்தப் பெயரை இங்கே எழுதினால் யாருக்கும் ஆள் தெரியாது. அவர் மனைவிக்கே சந்தேகம் வந்துவிடும்.

எங்களுடையது சின்ன செராமிக் கம்பெனி. டீக் கோப்பை, ஊறுகாய் ஜாடி, கரண்டுக்கான ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்வோம். செராமிக் என்றதும் மற்றவர்களுக்குப் பளபளவென்ற கோப்பை ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு வருவது மாவு. வெள்ளைக்கல்லை மாவாக அரைத்துத்தான் களிமண்ணோடு கலப்பார்கள். அரைக்கிற இடத்தில் நிற்பவனுக்கு முதல் நாளே புருவம் நரைத்துவிடும். காய்ந்த கோப்பையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பெண்கள் சாயங்காலம் வெளியே வந்தால், ஆள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தூசிக்கு எங்கள் முதலாளி ஒரு மருத்துவத் திட்டம் வைத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை விட்டதும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். வெல்லம் தின்றால் நெஞ்சிலிருக்கும் தூசி கரைந்து வயிற்றுக்குள் போய்விடுமாம். அவருடைய அப்பா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம். மூக்குக்குத் துணி கிடையாது, தூசியை இழுக்கிற காற்றாடி கிடையாது, வெல்லம் மட்டும் ஒரு நாள் தவறாது. நானும் வாங்கித் தின்றவன்தான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வெல்லம்.

மேஸ்திரி சூளைப் பகுதிக்குத் தலைவர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். கொரோனாவுக்கெல்லாம் ரொம்ப முன்னால், புதுச் சூளை வாங்க முதலாளி சைனாவுக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதம் அங்கே பீங்கான் செய்கிற ஒரு ஊரில் தங்கி வேலை பழக வேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே விடுவதற்கு முன் அந்தக் கம்பெனிக்காரர்கள் இவரை ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க வந்த பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"நீ என்னா வேல செய்யிறன்னு கேட்டாருங்க தம்பி," என்று மேஸ்திரி என்னிடம் சொன்னார். "நானும் பதினெட்டு வருசமா இருமிக்கினு நம்ம ஊரு டாக்டருங்ககிட்ட போறேன். என்னா சாப்ட்டன்னு கேட்டாங்க. பீடி குடிப்பியான்னு கேட்டாங்க. எவனாவது என்னா வேல செய்யிறன்னு கேட்டானா? அந்த ஆளு பாஷ தெரியாத ஊருல மொத கேள்வியே அதத்தான் கேக்குறாரு."

கல்தூசி நுரையீரலில் உட்கார்ந்துவிட்டது, இனி போகாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அங்கிருந்து கொண்டுவந்தது இரண்டே பொருள். அந்தப் படம் ஒன்று. அங்கே நோயாளிகள் கையிலேயே வைத்துக்கொள்ளும் மெல்லிய மருத்துவ நோட்டு ஒன்று. முதலாளி அதே பயணத்தில் மூன்று பெட்டி சாமான் கொண்டுவந்தார். அதில் முகமூடி ஒன்றுகூட இல்லை.

சைனாவைப் பற்றி டீக்கடையில் எல்லோரும் ஆவலாகக் கேட்டார்கள். பாம்பு சாப்பிட்டீர்களா என்றுதான் முதல் கேள்வி. மேஸ்திரி சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை.

"அங்க ஆஸ்பத்திரிங்க முன்னெல்லாம் மருந்த வித்துதான் ஓடுமாம். எத்தினி மாத்தர எழுதுறாரோ அத்தினி வரும்படி. அப்பறம், வாங்குன வெலைக்குத்தான் விக்கணும்னு கவருமெண்டே சொல்லிட்டாங்களாம். ஆனாலும் பெரிய டாக்டரப் பாக்க நம்பர் சீட்டு வேணும், அந்தச் சீட்ட விக்கிறதுக்கு வெளிய புரோக்கரு நிக்கிறான்."

"அப்ப அதுவும் நம்ம ஊருதான்னு சொல்லுங்க," என்றார் டீக்கடைக்காரர்.

"இன்னும் கேளு. தூசி நோவுன்னு எழுதி வாங்கணும்னா, தூசிய குடுத்த கம்பெனியே லெட்டரு குடுக்கணுமாம். திருடங்கிட்டயே போயி திருடுனேன்னு எழுதிக் குடுடான்னு நின்னா குடுப்பானா? அத மாத்தணும்னு அங்கயும் சண்ட நடந்துதாம். அந்தப் பையன் சொன்னான். ஆனா ஒண்ணு, அங்க நோவுக்குப் பேரு இருக்குது. அதையே ஆராய்ச்சி பண்ண டாக்டருங்க இருக்காங்க. நுரையீரல்ல தண்ணி வுட்டு அலசிப் பாக்குறாங்க. அலசுனா சரியாப் பூடுமான்னு கேட்டேன். கொஞ்ச நாளு மூச்சு லேசா இருக்கும், முழுசாத் தெரியல, இன்னும் பாத்துக்கினுதான் இருக்கோம்னாரு. தெரியலன்னு சொல்ற டாக்டர நான் அங்கதான் பாத்தேன்."

டீக்கடையில் சொன்னது ஜங்ஷன் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மேஸ்திரியின் நுரையீரலைச் சைனாவில் வெளியே எடுத்து, சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயவைத்து, மறுபடியும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து, தையல் போட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். மேஸ்திரி அவருக்குக் காட்டியது வாசலை.

அன்றிலிருந்து வெல்லத்தின் மீது அவர் போர் தொடுத்தார். கேட்டில் நின்று, "துன்னாதீங்க, ஏமாத்துறாங்க," என்று கத்துவார். யாரும் கேட்கவில்லை. ஒருநாள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு பிடி கல்மாவையும் ஒரு கட்டி வெல்லத்தையும் போட்டுக் கலக்கி, முதலாளியின் மேசையில் வைத்தார்.

"இது நம்ம ஆராய்ச்சிங்க. ஒரு வாரம் ஆவட்டும். எது கரையுது, எது குந்துதுன்னு நீங்களே பாருங்க."

வெல்லம் அன்றைக்கே கரைந்தது. மாவு அடியில் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. ஊரிலிருந்த எறும்பெல்லாம் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தது. என் பதிவேட்டில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களைவிட எறும்பு அதிகம். டம்ளரைக் கொட்டச் சொல்லிவிட்டு முதலாளி சொன்னார்: "அந்தாளுக்குச் சக்கர வியாதி வந்துருக்கும், அதான் வெல்லத்து மேல கோவம்."

கொரோனா வந்தது. மேஸ்திரி தெருவில் யாரோ புத்திசாலி, சைனாவிலிருந்து வந்தவர் இங்கே இருக்கிறார் என்று சுகாதார ஆபீசுக்குப் போன் செய்துவிட்டார். அவர் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதைப் போனில் யார் கேட்டார்கள். கவச உடுப்போடு இரண்டு பேர் வந்தார்கள்.

"இருமல் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"எத்தன நாளா?"

"பதினெட்டும் ஆறும் இருவத்திநாலு வருசமா."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் வாசலில் தகரம் அடித்தாகிவிட்டது. மேஸ்திரி நாற்காலி போட்டு ஏறி, தகரத்துக்கு மேல் தலையை நீட்டி, பதினான்கு நாளும் தெருவைத் திட்டினார். "ஆறு வருசமா எங்கூட்டுலயே குந்திக்கினு இருந்துட்டு இன்னிக்குத்தான் கெளம்புச்சாய்யா அந்தக் கிருமி?" எதிர்வீட்டுக்காரர் கடைசி வாரத்தில் நிழலில் நாற்காலி போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஊரடங்கில் வேறு பொழுதுபோக்கு என்ன இருந்தது.

கம்பெனி திறந்தபோது முதலாளி எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. முதலாளிக்கும் பிடிக்கக்கூடிய நோய் என்றால் முகமூடி வருகிறது. தொழிலாளிக்கு மட்டும் பிடிக்கிற நோய் என்றால் வெல்லம்தான் வருகிறது. இதை மேஸ்திரி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

உப்புத்தாள் போடுகிற பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி. இருமல், மூச்சிரைப்பு. காசநோய் என்று சொல்லி இரண்டு தடவை மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து முடித்திருந்தார்கள். மூன்றாவது தடவை ஆரம்பித்திருந்தது. சளியில் கிருமி இல்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தார்கள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேரப்பிள்ளையை அவள் பக்கம் விட மாட்டார்கள். அதைச் சொல்லித்தான் அழுவாள்.

மேஸ்திரி பள்ளிக்கூட நோட்டை இரண்டாக வெட்டித் தைத்து, சைனா நோட்டு மாதிரியே அவளுக்கு ஒன்று செய்து கொடுத்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'என்ன வேலை செய்கிறாய்' என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறினார். என்ன பண்ணுது என்று டாக்டர் கேட்டால் அஞ்சலையைப் பேச விட மாட்டார்.

"அது அப்பறம் சார். மொதல்ல என்னா வேல செய்யிறன்னு கேளுங்க."

"நீங்க யாருங்க?"

"நான் யாருங்கறது அத்தவுட அப்பறம்."

மூன்று இடத்தில் வெளியே அனுப்பினார்கள். ஒரு இடத்தில் காவலாளி தூக்கியே வெளியே விட்டார். நாலாவதாக, வேப்பூர் போய் பஸ் மாறி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. அஞ்சலை உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்: "என்ன வேலைம்மா செய்யறீங்க?"

சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றிருந்த மேஸ்திரிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசல் வரை போய், திரும்பி வந்து, டாக்டரம்மாவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தாராம். அஞ்சலைதான் சொன்னாள்.

இது கல்தூசி நோய் மாதிரித் தெரிகிறது, காசநோய் இல்லை என்று உறுதியானால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. நோயின் பெயரை உறுதியாக எழுத, இத்தனை வருடம் தூசியில் வேலை செய்தாள் என்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றும் சொன்னார். மேஸ்திரியின் சைனாக் கதையில் வந்த அதே கடிதம், விருத்தாசலத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

முதலாளி முடியாது என்று சொல்லிவிட்டார். கம்பெனித் தாளும் முத்திரையும் என் மேசை இழுப்பறையில் இருந்தன. மேஸ்திரி என்னிடம் வந்தார். முதலாளி சொல்லட்டும் என்றேன். மறுநாளும் வந்தார். சாவி இல்லை என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். அந்த இரண்டு வாரமும் அஞ்சலை யாருக்கோ வந்த நோய்க்கு மாத்திரை தின்றுகொண்டிருந்தாள். நான் ஐந்து மணிக்கு வெல்லம் தின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த அன்று மேஸ்திரி கத்தவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"தம்பி, நீங்க என்னா வேல செய்யிறீங்க?"

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எழுதுற வேலை மேஸ்திரி," என்றேன்.

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். நான் இழுப்பறையைத் திறந்து எழுதினேன். பதிவேட்டைப் பார்த்து அஞ்சலை சேர்ந்த நாளிலிருந்து, எந்தப் பகுதி, என்ன தூசி, எல்லாம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் எனக்கு வேலை போனது. இப்போது ஜங்ஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். கம்பெனியில் இந்த விவகாரத்துக்குப் பிறகு பெரிய சீர்திருத்தம் செய்திருக்கிறார்களாம். காலையிலும் ஒரு கட்டி வெல்லம் கொடுக்கிறார்கள்.

அஞ்சலையின் நோட்டில் நோயின் சரியான பெயர் ஏறிவிட்டது. மாத்திரை நின்றது. நோய் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் தனித் தட்டு பரணுக்குப் போய்விட்டது. பேரப்பிள்ளை அவள் மடியிலேயே கிடக்கிறது. அந்த நோட்டைப் பார்த்து இதுவரை இருபது பேருக்கு மேல் என் கடையில் நோட்டு தைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முதல் பக்கத்துக் கேள்வியை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

மேஸ்திரி இப்போது வேலைக்குப் போவதில்லை. தெருமுனை வரை நடந்தாலே நின்று நின்றுதான் போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். திட்ட ஆரம்பிப்பார். ஒரு திட்டை ஒரே மூச்சில் முடிக்க அவரால் முடிவதில்லை, பாதியில் இரைக்கும். மீதியை நான் சொல்லி முடிப்பேன். சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவார். தப்பாகச் சொன்னால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ மூச்சு வந்து, என்னை முழுசாகத் திட்டி முடித்துவிடுவார்.

அதற்காகவே தினமும் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லிவிடுகிறேன்.