வள்ளியூர் மாப்பிள்ளைக்கு நான் சொன்ன புத்தி

என் பெயர் குமரகுருபரன். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டில் தொட்டில் கட்டப் போகிறார்கள் என்பது அந்த வீட்டுக்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் என் வீட்டுச் செய்தியை இன்னொருத்தர் சொல்லியா தெரிந்துகொள்வேன்? என் மனைவி சித்ரலேகா உண்டானால் அதை அவளுக்கே நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கல்யாணமான அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே உன்னிப்பாகக் கவனித்து வந்தேன். காப்பி வாசனைக்கு அவள் மூக்கைப் பொத்தினாள். பால் சரியில்லை என்று பால்காரரிடம் சண்டைக்குப் போனேன். சாயங்காலமே தூங்கி விழுந்தாள். சீரியல் அவ்வளவு மோசமா என்று கேட்டேன். சொதிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றியதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வாயுதான் என்று சொல்லி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓமம் காரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு நீலாம்பாள் மதினி ஒரு சின்ன டப்பாவோடு என் நிலையத்துக்கு வந்தார். நாத்தனார் மகள் ராஜராஜேஸ்வரி வள்ளியூரிலிருந்து வந்திருக்கிறாளாம். நாள் தள்ளிப் போயிருக்கிறதாம். இங்கே வரக் கூச்சப்படுகிறாளாம். டப்பாவில் இருந்த சிறுநீரைப் பரிசோதனைக் கார்டில் சொட்டு விட்டேன். ஒரு கோடு வந்தது. அதன் பக்கத்தில் இரண்டாவது கோடும் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தது.

மதினியின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. அந்த மாப்பிள்ளை குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டாராம்.

"படிச்சவுக சொன்னா கேப்பாரு தம்பி. நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க. நான் போன்ல வீடியோ பிடிச்சிக்கிடுதேன்" என்றார்.

கருவைக் கண்டவன் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா? இரண்டு கோட்டைப் பார்த்த கையோடு வெள்ளைக் கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"மாப்பிள, இப்போ உம்ம பிள்ளை ஒரு பயறு அளவுதான் இருக்கும். அதுக்குள்ள இதயம் துடிக்க ஆரம்பிச்சிரும். இன்னும் கொஞ்ச வாரத்துல கையும் காலும் விரலுமா பிரியும். இவ்வளவு வேலையும் உம்ம வீட்டுக்காரி வயித்துக்குள்ள நடக்கு. அவ சும்மா உக்காந்திருந்தாலும் வேலைதான் செய்யுதா. வெளிய உள்ள வேலையையாவது நீரு செய்யும்வே."

அதன் பிறகு எனக்கு வேகம் பிடித்துவிட்டது. தண்ணீர்க் குடம் தூக்குவது, மாவாட்டுவது, துணி அலசுவது எல்லாம் இனி அவர் பொறுப்பு என்றேன். டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போய் ஃபோலிக் மாத்திரை கேட்டு வாங்க வேண்டும், ஸ்கேனுக்கும் கூடவே போய் நிற்க வேண்டும் என்றேன். பெண்டாட்டி குமட்டுகிறது என்றால் வாயு என்று சொல்லுகிறவன் சுத்த மடையன் என்றும் சேர்த்துக்கொண்டேன். ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

போரில் ஜெயித்தவனைப் போல வீடு திரும்பினேன். யார் எவர் என்று சொல்லாமல், பொறுப்பில்லாத ஒரு மாப்பிள்ளையை வாங்கு வாங்கென்று வாங்கியதைச் சித்ரலேகாவிடம் விவரித்தேன். அந்த ஆள் திருந்துவாரா என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். என் பேச்சைக் கேட்டால் கல்லும் எழுந்து பாத்திரம் தேய்க்கும் என்றேன்.

அவள் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். என் குரல் கணீரென்று கேட்டது. "மாப்பிள, இப்போ உம்ம பிள்ளை ஒரு பயறு அளவுதான் இருக்கும்."

"வள்ளியூர்ல இருந்து யாரும் வரல, அத்தான். அந்த மாப்பிள்ளை நீங்கதான்."

அது மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் தரையில் கால் பாவவில்லை. சிரித்தேன், அழுதேன், அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். மடையன் பட்டமெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பயறு அளவில் எனக்கொரு பிள்ளை!

"எப்படியோ, அந்த ரெண்டாவது கோட்டை முதல்ல பாத்தவன் நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

சித்ரலேகா காலிக் குடத்தை என் கையில் கொடுத்தாள்.

"வீட்லயே நான் போன வாரம் பாத்துட்டேன், அத்தான். உங்ககிட்ட குடுத்துவிட்டது டெஸ்டுக்கு இல்ல, அந்தப் பேச்சுக்கு."