குழாய்க்கு ஒரு பாட்டு

திருப்பூரில் ஓட்டே இல்லாமல் ஒரு வார்டை ஆண்ட ஒரே ஆள் எங்கள் நேயர் அக்காதான். கவுன்சிலர் ஒருவர் இருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பயந்தது கட்சி மேலிடத்துக்கு அல்ல, மதியம் ஒன்றேகால் மணிக்கு.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஒரு பனியன் கம்பெனியில் டைம் கீப்பர். அக்கா அங்கே செக்கிங்கில் இருந்தார். திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். நாள் முழுக்கப் பனியனில் ஓட்டை தேடுவதுதான் வேலை. கம்பெனி ஸ்பீக்கரில் எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி சொல்ல அனுமதி இல்லாத ரேடியோ, பாட்டு மட்டும்தான். மதியம் ஒன்றேகாலுக்கு நேயர்கள் போனில் பாட்டுக் கேட்பார்கள். அக்கா நாலு வாயில் சோற்றை முடித்துவிட்டு எதிர் பேக்கரியின் காயின் போனுக்கு ஓடுவார். ஊரே முயன்றாலும் கிடைக்காத லைன் அவருக்கு மட்டும் கிடைக்கும். அப்படித்தான் அவர் 'நேயர் அக்கா' ஆனார்.

நாங்கள் குடியிருந்ததும் ஒரே லைன் வீடுகளில்தான். எல்லோரும் வெளியூர்க்காரர்கள். பத்து நாளுக்கொரு முறை வந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரும் திடீரென்று நின்றுபோனது. கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"ஏனுங்க, உங்க வீதியில ஒருத்தருக்காச்சும் இங்க ஓட்டு இருக்குதுங்களா?"

இல்லை. எல்லோருடைய பெயரும் சொந்த ஊர்ப் பட்டியலில் இருந்தது.

"அப்பறம் என்னங்க. ஊருக்குப் போறப்ப அங்க கேட்டுப் பாருங்க."

ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னோம். பொறுமையாகக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பத்திரிகையில் கால் பக்கத்துக்குக் கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்து வந்திருந்தது.

அன்று மதியம் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது. அறிவிப்பாளர் தேன் குரலில், "இந்தப் பாட்டு யாருக்குங்க?" என்றார்.

"எங்க வீதிக் கொழாய்க்கு தம்பி."

"கொழாய்ங்கறது... பேருங்களா?"

"கொழாயேதான். இருவது நாளா பேச்சுமூச்சு இல்லாம கெடக்கு. பாட்டுக் கேட்டாவது வாயத் தொறக்கட்டும்."

கம்பெனி மொத்தமும் சாப்பாட்டை மறந்து சிரித்தது. அடுத்த நாள் எரியாத தெருவிளக்குக்கு ஒரு பாட்டு. அதற்கடுத்த நாள், எங்கள் வீதிமுனை வரை வந்து திரும்பிப் போன கவுன்சிலரின் புதுக் காருக்கு ஒன்று. ஒரு வாரத்தில் இது தொற்றுநோயானது. பொங்கலூரிலிருந்து ஒருவர் வராத டவுன் பஸ்ஸுக்குப் பாட்டுக் கேட்டார். கவுன்சிலரைக் கண்டால் டீக்கடையில் அந்தப் பாட்டுகளை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

புகழ் வந்தால் சறுக்கலும் வரும். ரேடியோ என்றாலே அக்காவுக்குச் செந்தமிழ் பொங்கிவிடும். ஒருநாள், "இந்தப் பாடலை, எங்கள் பகுதியில் மறைந்த வால்வுக்காரருக்குச் சமர்ப்பிக்கிறேன்" என்றார். தெருத்தெருவாகத் தண்ணீர் வால்வைத் திறந்துவிடும் ஆளைக் கண்ணிலேயே காணோம் என்பது அவர் அர்த்தம். ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வால்வுக்காரர் வீட்டுக்கு இரண்டு மாலைகள் வந்துவிட்டன. ஒன்றை வாங்கிக்கொண்டவர் வால்வுக்காரரே.

மறுநாள் மதியம் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். "ஏனுங்க, எங்க அம்மாயி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்துட்டாங்க. இது நாயமுங்களா?"

அக்கா சமாளிக்கவில்லை. "தப்பு எம்மேலதான். ரேடியோல சொன்னத ரேடியோலதான் திருத்தணும். வாங்க" என்று அவரைக் கையோடு காயின் போனுக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

லைன் கிடைத்தது. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அவரே பேசுதாரு" என்று ரிசீவரை நீட்டினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஊரே தன்னைக் கேட்கிறது என்பது வால்வுக்காரரை என்னவோ செய்துவிட்டது. "நான் உசுரோடதானுங்க இருக்கேன். எங்கீங்க மறஞ்சேன்? வால்வு சாவியக் கவுன்சிலர் அவுங்க ஊட்டுல வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஓட்டு இருக்கற வீதிக்குத்தான் தொறக்கோணும்னா நானென்னங்க பண்றது?"

அறிவிப்பாளர் அலறியடித்துப் பாட்டைப் போட்டார். அதற்குள் காதர்பேட்டைக் கடைகள் முதல் சாயப்பட்டறைகள் வரை எல்லா ஸ்பீக்கரிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் குழாய் முதலில் இருமியது. பிறகு செருமியது. அப்புறம் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வாங்கி வந்த லட்டை வால்வுக்காரரின் வாயில் திணித்தார்கள். கவுன்சிலரே நேரில் வந்து, "அக்கா, நாளைக்கு நம்ம பேர்லயும் நல்லதா ஒரு பாட்டுக் கேளுங்க" என்றார்.

குடத்தைத் தூக்கியபடியே அக்கா சொன்னார். "மொதல்ல லிஸ்ட்ல எங்க பேரச் சேருங்க சார். பொறவு ஒங்க பேரச் சொல்லுதேன்."

விண்ணப்பங்கள் வீடு தேடி வந்தன. அடுத்த தேர்தலில் லைன் வீடுகள் மொத்தமும் வரிசையில் நின்றன. அத்தனை வேட்பாளர்களும் எங்கள் வீதிக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாக்குச்சாவடிக்குள் அக்காவுக்கு அடுத்து நான். பட்டியலைப் பார்த்தபடி அதிகாரி பெயர் கேட்டார். ஊரையே பேசவைத்த அந்த மனுஷிக்கு, உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் நிறைந்திருந்தது.

பின்னாலிருந்து நான்தான் அவர் பெயரை உரக்கச் சொன்னேன்.