பௌர்ணமிக்குத் துணை

“வெள்ளியத் தொடல சத்யா! ஓனரு ரெண்டடி பின்னால போய்ட்டாரு!”

மாடியிலிருந்து இறங்கிவந்த சேரனுக்கு மூச்சு இரைத்தது. கையில் வெள்ளிக் கிண்ணம். அதில் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த விபூதி, ஒரு சிட்டிகைகூடக் குறையாமல்.

சத்யப்பிரியா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “கை ஈரமா இருந்திருக்கும்.”

எல்லாம் அந்த டிவி தொடரால் வந்த வினை. பௌர்ணமியன்று ஓநாயாக மாறும், வெள்ளி பட்டால் வெந்துபோகும் மனிதர்களைப் பற்றிய டப்பிங் தொடர். பத்து வயதில், கீரப்பாளையத்தில், போர்வைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. இப்போது சிப்காட்டில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் நாற்பது வயது ஆள், அதை யூடியூபில் தேடிப்பிடித்து முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓநாயின் பல் ரப்பர் என்று நன்றாகவே தெரிந்தது. அதனால் பிரியம் கூடியதே தவிர குறையவில்லை.

பார்த்துத் தொலைக்கட்டும். அதில் மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரை ஏன் சேர்க்க வேண்டும்?

ராஜமாணிக்கம் சாருக்குப் புருவம் இரண்டும் கூடியிருந்தது. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். திருப்பாதிரிப்புலியூரில் இந்த வீட்டுக்கு இவர்கள் குடிவந்து மூன்று மாதம். மூன்று பௌர்ணமியும் சாயங்காலம் அவர் வெறுங்காலோடு காரில் கிளம்பினார். மறுநாள் காலை புழுதிக் காலோடு நொண்டிக்கொண்டு வந்து பகல் முழுக்கத் தூங்கினார். தெருநாய்கள் அவரைக் கண்டால் மட்டும் குரைக்காமல் ஒதுங்கின.

“காலி பண்ணிடலாம் சத்யா. எனக்குப் பயமாருக்கு.”

“நல்ல தண்ணி வர்ற வீடு. நீங்க வேணா போங்க.” கீரைத்தண்டால் அவன் தலையில் தட்டினாள். “பௌர்ணமிக்கு வெறுங்காலோட எங்க போவாங்க? திருவண்ணாமல! கிரிவலம்! பதினாலு கிலோமீட்டர் நடந்தா நொண்டாம என்ன பண்ணுவாரு?”

சேரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பக்திமானைப் போய் சந்தேகப்பட்டோமே! அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் சேரன் இல்லையே. மறுபடி மாடியேறினான்.

“சார், இந்தப் பௌர்ணமிக்கு நானும் உங்ககூட வரட்டுமா?”

ராஜமாணிக்கம் அவனை உச்சிமுதல் பாதம்வரை அளந்தார். “நெஜமாவா? ஆறு மாசமா தனியாத்தான் போய்ட்டிருக்கேன். தொணைக்கு ஆள் வந்தா நல்லதுதான்.” மெல்லச் சிரித்தார். “செல்போன் மட்டும் வேணாம். வீட்லயே வச்சிட்டு வாங்க.”

என்ன கட்டுப்பாடு, என்ன பக்தி என்று சேரன் உருகிப்போனான்.

பௌர்ணமியன்று ஐந்து மணிக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு கிளம்பினான். செருப்பை மாடிப்படிக்குக் கீழே விட்டான். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி தூசி படிந்து கிடந்தது. முன்பு குடியிருந்தவருடையது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவர் என்று வீட்டுத் தரகர் சொல்லியிருந்தார்.

தெருநாய்கள் சுவரோரம் ஒதுங்கின. சேரன் முன்சீட்டில் உட்கார்ந்ததும் நான்கு கதவும் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன. ராஜமாணிக்கத்தின் மனைவி வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

சேரன் ஜன்னல் வழியாகக் கும்பிட்டான். “அண்ணாமலையார்கிட்ட உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேம்மா!”

கார் நகர்ந்தது. அந்த அம்மா கூடவே இரண்டடி நடந்தார்.

“நாங்க வேதக்காரங்க தம்பி, சர்ச்சுக்குப் போறவங்க. முன்னால குடியிருந்தவரும் இப்பிடித்தான் சொல்லிட்டு ஏறுனாரு.”